சஷ்டிகாவின் பதக்கம்

குமாரபாளையத்தில் அந்த வருஷம் பெருமைக்குப் பஞ்சமே இல்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து பாலத்தருகே நிற்கும் மின்சார ஆட்டோக்கள் வரைக்கும் ஒரே பேச்சுதான்: செல்வராணியின் மகள் பேசிவிட்டாள். நான்கு வயது தாண்டியும் 'ம்' என்று முனகுவதைத் தவிர வேறு சத்தமே எழுப்பாத சஷ்டிகா, இப்போது போகிறவர் வருகிறவருக்கெல்லாம் "வணக்கங்க, சாப்பிட்டீங்களா?" என்கிறாள். அதுவும் எப்படி? செய்தி வாசிக்கிறவர் தோற்றுப்போவார், அப்படி ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

ஊரே மகிழ்ந்துகொண்டிருக்க ஒருத்திக்கு மட்டும் வயிறெரிந்தது. அவள் கோமளவல்லி. பேச்சு வராத, பேச்சு குழறுகிற சின்னக் குழந்தைகளுக்காக அந்த ஊரில் நடந்த பயிற்சி மையத்தின் ஆசிரியை. மன்னார்குடிக்காரி. இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடம் போகிற வயது வராத ஒன்பது பிள்ளைகள் அவளிடம் இருந்தார்கள். அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது, அதை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள்: "வாயைத் திறக்க வைக்கிறது அப்புறம். மொதல்ல காதைத் திறக்கணும். காதுல பிரியாத சத்தம் நாக்குல எப்படிப் பிரியும்?"

அதனால் அவளுடைய வகுப்பில் பேச்சே கடைசியில்தான் வரும். முதலில் தகர டப்பாக்கள். ஒன்றில் அரிசி, ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் கூழாங்கல். குலுக்கினால் எது எது என்று சொல்ல வேண்டும். பிறகு மணியா, மேளமா. சத்தம் வலப்பக்கமா, இடப்பக்கமா. கூப்பிட்டது அப்பாவா, அம்மாவா. அதெல்லாம் கைவந்த பிறகுதான் சொற்கள். அப்போது அவள் கறுப்புத் துணி கட்டிய எம்பிராய்டரி வளையத்தைத் தூக்கி வாயை மறைத்துக்கொள்வாள். குழந்தை உதட்டைப் பார்த்துச் சமாளிக்கக் கூடாது, காதை மட்டுமே நம்ப வேண்டும் என்பது அவள் கண்டிப்பு. எட்டுப் பிள்ளைகள் இந்த வழியில் மளமளவென்று முன்னேறினார்கள். மணிக்கும் மேளத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்த ஒரு பயல், இப்போது வீட்டில் தன் அப்பாவின் உச்சரிப்பைத் திருத்துகிறான். கோமளவல்லி மார்தட்டிக்கொள்ளாத நாளில்லை.

சஷ்டிகாவிடம்தான் அவளுக்கு மூக்கு உடைபட்டது. பதினான்கு மாதம் தலைகீழாக நின்றும் ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவப் பரிசோதனையில் காது நரம்பில் குறை ஏதும் இல்லை. ஆனால் டப்பாவைக் குலுக்கினால் அந்தப் பெண் கையைப் பார்ப்பாள். கையை மறைத்தால் சுவரைப் பார்ப்பாள். வளையத்தைத் தூக்கினால் போதும், அதன் ஓரமாக எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய்த் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். 'கவனம் நிற்பதில்லை' என்று கோமளவல்லி தன் குறிப்பேட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சஞ்சீவன் வந்தான். கோயம்புத்தூரில் உள்ள ஒரு நிறுவனத்தின் பொறியாளன், இருபத்தெட்டு வயது, பணிவான பையன். அவன் கொண்டுவந்தது எட்டணாக் காசு அகலத்தில் ஒரு வெள்ளை வில்லை. கழுத்தில் தொங்கவிட வேண்டும். ஊர்க்காரர்கள் அதற்குப் பதக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சஷ்டிகாவின் கழுத்தில் அதை மாட்டிய அன்றைக்கே, "அம்மா, நீ எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள் அவள். செல்வராணி மையத்தின் தரையிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். கோமளவல்லியின் பதினான்கு மாத உழைப்பை ஒரு வில்லை பத்தே நிமிஷத்தில் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். கடைசியில், மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்த சஞ்சீவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"தம்பி, நேரடியாக் கேக்கறேன். அது பேசுதா, அவ பேசறாளா?"

"அவதான் பேசறா மேடம். தொண்டையில வர்ற அதிர்வைப் பதக்கம் பிடிக்குது. என்ன சொல்ல வர்றான்னு கண்டுபிடிச்சு, அவ குரல் மாதிரியே தெளிவாச் சொல்லுது. காதுக்குள்ள ஒரு சின்னப் பொட்டு இருக்கு. அது வழியா அவளுக்கும் அந்தத் தெளிவான குரல்தான் கேக்கும்."

"அவளோட சொந்தச் சத்தம்?"

"அதை அமுக்கிடும். வெளியில யாருக்கும் கேக்காது."

"அவளுக்கு?"

"அவளுக்கும்தான்."

கோமளவல்லிக்குச் சுருக்கென்றது. "ஏன் தம்பி, குழந்தை எப்படிப் பேசக் கத்துக்குது? தான் சொன்னதைத் தானே கேக்குது, அம்மா சொன்னதோட ஒத்துப் பாக்குது, மறுபடி சொல்லிப் பாக்குது. தப்பு காதுல விழுந்தாத்தானே திருத்த முடியும்? நீங்க தப்பே விழாமப் பண்ணிட்டீங்க. அந்தப் பொண்ணு தான் ரொம்ப நல்லாப் பேசறதா நெனச்சிட்டிருக்கு."

சஞ்சீவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "எங்க அக்கா திக்கித் திக்கிப் பேசும் மேடம். வகுப்புல சிரிப்பாங்க. பத்து வயசுல பேசறதையே நிறுத்திடுச்சு. இன்னிக்கும் எதுன்னாலும் எழுதித்தான் காட்டும். தப்பாப் பேசித் திருத்திக்க அதுக்கு யாரும் அவகாசம் குடுக்கல. இது மாதிரி ஒண்ணு அப்ப இருந்திருந்தா அக்கா வாயை மூடியிருக்காது."

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, வெள்ளிக்கிழமை என்ன விசேஷம்? ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுது."

"சஷ்டிகாவுக்கு அஞ்சு வயசு முடியுது. இனிமே கழுத்துல தொங்கவிட வேண்டாம். தோளெலும்புக்குக் கீழ தோலுக்குள்ளயே வெச்சிடலாம். இந்த மாவட்டத்துலயே மொதக் குழந்தை அவதான். மண்டபத்துல விழா. அவங்க அம்மா கையெழுத்துப் போடுவாங்க."

"பின்னாடி எடுக்க முடியுமா?"

"முடியாது மேடம். அவ வளர வளரக் குரலும் கூடவே வளரும்."

அதாவது, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சஷ்டிகாவின் சொந்தக் குரலை உலகத்தில் ஒருவரும் கேட்கப்போவதில்லை, அவளையும் சேர்த்து.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு தம்பி. அது ஊகிச்சுத்தானே பேசுது? ஒரு வாக்கியத்துல குழந்தை எவ்வளவு, ஊகம் எவ்வளவுன்னு உங்ககிட்ட அளவு இருக்குமே."

அவன் கையிலிருந்த கணினிப் பலகையில் எதையோ தேடினான். "வேற ஊர்கள்ல பதக்கம் போட்ட மத்த பிள்ளைங்களுக்கு நூத்துக்கு முப்பது, நாப்பது ஊகம்."

"சஷ்டிகாவுக்கு?"

"தொண்ணூத்தாறு." அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "அவகிட்ட அதிர்வே ரொம்பக் கம்மி. அதனால நேரம் என்ன, எதிர்ல யாரு, என்ன கேட்டாங்கன்னு வெச்சு, அந்த வயசுப் பிள்ளைங்க பொதுவா என்ன சொல்லுமோ அதைச் சொல்லுது. நானும் மேல எழுதிப் போட்டேன். எல்லாருக்கும் திருப்திதானே, விடுன்னுட்டாங்க."

புதன்கிழமை காலை கோமளவல்லி செல்வராணி வேலை செய்யும் தறிக்கூடத்துக்குப் போனாள். காலில் விழுந்தாவது கையெழுத்தைத் தடுத்துவிடுவது என்று முடிவு. சத்தமே இல்லாத புதுத் தறிகள் வந்து பாதிப் பட்டறைகளை விழுங்கிவிட்ட பிறகும், லுங்கிக்கும் துண்டுக்கும் பழைய விசைத்தறிகள் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆறு வருஷத்தில் அவள் ஒரு தறிக்கூடத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. சத்தத்துக்குப் பயந்துதான். காதை வைத்துப் பிழைக்கிறவள் அல்லவா.

உள்ளே இருபத்து நான்கு தறிகள். சத்தம் நெஞ்செலும்பில் வந்து இடித்தது. செல்வராணி ஆறு தறிகளுக்கு நடுவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். இருபத்தேழு வயது, ஒல்லி, கைகள் மட்டும் நிற்பதே இல்லை. கோமளவல்லி அவள் முன்னால் போய், "வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. ஆனால் செல்வராணி சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்து ஏதோ பதில் சொன்னாள். உதடுகள் அசைந்தன, தொண்டை அசையவில்லை. கத்தவே இல்லை. நான்கு தறி தள்ளி நின்ற ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டுத் தானும் வாயசைத்து ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். கோமளவல்லிக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

அப்போதுதான் சஷ்டிகாவைப் பார்த்தாள். நூல் கோன் மூட்டைகளின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மையம் மதியம்தான், காலையில் இங்கேதான் இருப்பாளாம். கழுத்தில் பதக்கம் இல்லை. தறிச் சத்தத்தில் அது குழம்பி உளறும் என்பதால், உள்ளே வரும்போது சோற்றுப் பைக்குள் போட்டுவிடுவார்கள். குழந்தை அம்மாவைப் பார்த்தாள். உதடுகள் அசைய ஆரம்பித்தன. விடாமல், வேகமாக, புருவம் ஏறி இறங்க, நடுவில் ஒரு முறை கையை உதறிக்கொண்டு. செல்வராணி தறியை விட்டுக் கண்ணெடுத்துப் பதில் சொன்னாள். குழந்தை மறுத்தாள். அம்மா மிரட்டினாள். குழந்தை பிடிவாதமாக இன்னும் ஏதோ சொல்லிவிட்டுக் கெக்கலித்தாள்.

கோமளவல்லி அப்படியே நின்றுவிட்டாள். அவள் வகுப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்ணா இது என்றிருந்தது.

டீ நேரத்துக்குத் தறிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்தபோது, செல்வராணியை வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உள்ள சஷ்டிகா உன்கிட்ட என்ன சொன்னா?"

"எப்பங்க மிஸ்ஸு?"

"மூட்டை மேல உக்காந்துக்கிட்டு. நீகூட மிரட்டினியே."

"அதுங்களா." செல்வராணி சிரித்தாள். "ஆறாம் தறிக்கார அக்கா புதுச் சீலை கட்டியிருக்குதில்லீங்க. அது நல்லாவே இல்லையாம். போன மாசம் கட்டுன பச்சைதான் எடுப்பா இருந்துச்சாம். அக்கா பாத்துரும், வாய மூடுடின்னேன். பாத்தாப் பாக்கட்டும், நெசந்தானேங்குது. எப்படி வாயி பாருங்க, இத்துனூண்டு இருந்துட்டு."

"இவ்வளவும் சஷ்டிகா சொன்னாளா?"

"ஆமாங்க."

"பேசாத பிள்ளைன்னு சொல்லித்தானே என்கிட்ட கூட்டிட்டு வந்தே?"

செல்வராணி விழித்தாள். "அது பேச்சுங்களா மிஸ்ஸு? சத்தமே இல்லீங்களே. தறிக்குள்ள எல்லாரும் அப்படித்தானுங்க. ஆஸ்பத்திரியில பேசுதான்னு கேட்டாங்க. இல்லீங்கன்னு சொன்னேன். நெசந்தானுங்களே."

கோமளவல்லி ஒவ்வொன்றாகக் கேட்டாள். குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் தொட்டில் தறிக்கூடத்துக்கு வந்துவிட்டது. காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை. மூன்று வயது வரை அதுதான் அவள் வீடு. அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவார். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்.

"வீட்டுக்குப் போனப்புறம் அவகிட்ட எப்படிப் பேசுவே?"

செல்வராணி யோசித்தாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. "வாயிதானுங்க அசையும்," என்றாள் மெதுவாக. "நாள் பூரா அப்படியே இருந்துட்டு, சத்தம் போட்டுப் பேசோணும்னே தோணாதுங்க. அவங்கப்பாகூட வையுவாரு, தறி உள்ளயே நிக்கறியா, வாயத் தொறந்து பேசுடின்னு."

பிறந்த நாளிலிருந்து அந்தக் குழந்தைக்குப் பேச்சு என்பது பார்க்கிற விஷயம். சொல்லுக்குச் சத்தம் என்று ஒன்று உண்டு, அதைக் காதால் பிடிக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கோமளவல்லி, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சஷ்டிகாவைக் காட்டினாள்.

"அந்தப் பதக்கத்தை மாட்டு. இப்பவே."

மாட்டியதும் சஷ்டிகா ஆசிரியையை அண்ணாந்து பார்த்தாள். பதக்கத்திலிருந்து இனிமையான குரல் வந்தது. "வணக்கம் மிஸ். நான் நல்லா இருக்கேன். இன்னிக்கு என்ன விளையாடலாம்?"

"செல்வராணி, ரெண்டு காதையும் பொத்திக்கோ. தறிக்குள்ள நிக்கறதா நெனச்சுக்கிட்டு அவ வாயைப் பாரு. என்ன சொல்றா?"

செல்வராணி காதைப் பொத்தினாள். பார்த்தாள். முகம் மாறியது. கையை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா."

"வேண்டாங்க மிஸ்ஸு."

"பரவால்ல, சொல்லு."

"இந்த மிஸ்ஸு எதுக்கு எப்பப் பாத்தாலும் மூஞ்சிய மறைச்சுக்குதுன்னு கேக்குதுங்க."

கோமளவல்லி முகத்தில் ஈயாடவில்லை. பதினான்கு மாதம். அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே வாசலைத் தினமும் தன் கையாலேயே இழுத்துச் சாத்திவிட்டு, உள்ளே யாருமில்லை என்று எழுதி வைத்திருக்கிறாள். காது, காது என்று பெருமையடித்தவள் ஒரு தடவையாவது அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்திருந்தால் போதும். "தப்பு என் பேர்லதாம்மா," என்றாள் வாய்விட்டு. செல்வராணிக்குக் கேட்டதோ என்னவோ, அவள் வேறெங்கோ இருந்தாள்.

"மிஸ்ஸு, அப்ப அன்னிக்குச் சொல்லுச்சுங்களே. அம்மா, நீ எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு. அது?"

கோமளவல்லி சஞ்சீவனைத் தொலைபேசியில் அழைத்தாள். அவன் தேடிப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆனது. பலகையில் இருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஊகம்.

செல்வராணி அழவில்லை. பதக்கத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு என்ற புள்ள நெசமா என்ன சொல்லியிருக்கும் மிஸ்ஸு? நான் அது மூஞ்சியப் பாக்கவே இல்லீங்களே. தரையில உக்காந்து அழுதுட்டு இருந்தேன்." தறிக்கு வெளியே எட்டு மாதமாகவே அவள் அதைப் பார்க்கவில்லை. குரல்தான் வருகிறதே என்று, வீட்டில் வேலையைப் பார்த்துக்கொண்டே 'ம், ம்' போட்டிருக்கிறாள்.

"இதை விட்டுட்டா, நீங்க எம்புள்ளைய எத்தன மாசத்துல பேச வெப்பீங்க?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். கோமளவல்லி சொல்லவில்லை. "தெரியலம்மா. ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம். வந்தாலும் மழலையாத்தான் வரும். ஊர்ல நாலு பேரு சிரிப்பாங்க. இந்தப் பதக்கம் மாதிரி ஒருநாளும் இருக்காது."

"யோசிச்சுச் சொல்றேனுங்க," என்று செல்வராணி எழுந்து தறிக்குள் போய்விட்டாள். வியாழக்கிழமை மையத்துக்குக் குழந்தையை அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் நிறுவனத்துக்காரர்கள், வெளியூர் விருந்தினர்கள். பின்னால் பாதி மண்டபத்துக்குத் தறிக்காரர்கள், எல்லாரும் இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு. தறிக்கூடத்துப் பிள்ளை மேடை ஏறுகிறது என்று ஊரின் எல்லாக் கூடங்களிலிருந்தும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கோமளவல்லி நடுவில் இடம் பிடித்தாள். பக்கத்தில் ஆறாம் தறிக்காரி, பச்சைச் சீலையில்.

சஷ்டிகாவைப் பட்டுப்பாவாடை கட்டி மேடையில் நிறுத்தியிருந்தார்கள். பதக்கம் ஒலிபெருக்கியோடு இணைந்திருந்தது. "எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் குரல் குடுத்த உங்களுக்கு நன்றி" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. நிறுவனத்தின் மேலாளர் நெகிழ்ந்துபோய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு செல்வராணியை அழைத்துப் பேனாவைக் கொடுத்தார்.

செல்வராணி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. மேடையின் அந்தக் கோடியில் நின்ற மகளைப் பார்த்துத் திரும்பி, வாயை மட்டும் அசைத்தாள். கூட்டத்தில் முதுகுப்பக்கம் இருந்தவர்களுக்கு அவள் என்ன கேட்டாள் என்று தெரியவில்லை. குழந்தையின் முகம் எல்லாருக்கும் தெரிந்தது. உதடுகள் அசைந்தன.

"நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்" என்றது பதக்கம்.

பின்வரிசைகளில் குபீரென்று சிரிப்பு. மேலாளரும் முகம் மலர்ந்து தலையாட்டினார். சஷ்டிகா நெற்றியைச் சுருக்கிக் குனிந்து பதக்கத்தை முறைத்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். "எல்லாருக்கும் என் அன்பு" என்றது பதக்கம். இப்போது பின்பாதி மண்டபமே ஆடியது. யாரோ சீழ்க்கையடித்தார்கள்.

"என்ன சொல்றா? எனக்கும் சொல்லுங்களேன்," என்று கோமளவல்லி பச்சைச் சீலையைப் பிடித்து இழுத்தாள்.

ஆறாம் தறிக்காரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "உனக்கு இது வேணுமா சாமின்னு அவங்கம்மா கேட்டிருப்பாளாட்ட இருக்குதுங்க. வேண்டாம்னுச்சு. இப்ப, நான் பேசறப்பல்லாம் இது குறுக்க குறுக்கப் பேசுது, சும்மா இருக்கச் சொல்லுங்குதுங்க."

மேலாளருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. மேடை ஓரத்தில் பலகையோடு நின்ற சஞ்சீவனுக்கு, ஒலியைக் கூட்டு என்று சைகை காட்டினார். சஞ்சீவன் அவரைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். பலகையில் விரலை வைத்தான். பதக்கம் அணைந்துபோனது.

அதற்குப் பிறகு மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. சஷ்டிகா பேசிக்கொண்டே இருந்தாள். குறுக்கே யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முந்நூறு தறிக்காரர்கள் ஆடாமல் அசையாமல் அந்தக் குட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள். முன்வரிசைக்காரர்கள் மட்டும் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கோமளவல்லிக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவளுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. ஐந்து வயதுப் பெண் ஒரு மண்டபத்தையே கட்டிப்போட்டிருக்கிறாள், கவனம் நிற்காத பிள்ளையாம்.

செல்வராணி பேனாவை மேலாளர் கையில் திருப்பிக் கொடுத்தாள். ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்றாள். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத குரல், கரகரவென்று வந்தது. "எம்புள்ள பேசுதுங்க. எப்பவோ பேசிருச்சுங்க. நாங்கதான் பாக்காம இருந்துட்டோம். அதுக்குச் சத்தம் மட்டுந்தான் வரோணும். அது மெதுவா வரட்டுங்க. இது வேண்டாங்க."

மேலாளர் நல்ல மனிதர்தான், நாலு வார்த்தை நாசூக்காகப் பேசி விழாவை முடித்துவிட்டார். சஞ்சீவனை மட்டும் இரண்டே வாரத்தில் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். போவதற்கு முன், பதக்கம் போட்ட மற்ற பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் அவரவர் ஊக அளவைச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

கோமளவல்லி தன் பாடத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டாள். சஷ்டிகாவுக்கு முகம்தான் முதல் வகுப்பு. உதட்டைப் பார், என் தொண்டையில் கையை வை, இப்போது உன் தொண்டையில் வை. இந்த அசைவுக்கு இந்தச் சத்தம். பிறகு ஓர் அடி தள்ளி. பிறகு பக்கவாட்டில். பிறகு மெல்ல மெல்ல முகத்தை விலக்கிக்கொள்வது. காதுக்குத் தகர டப்பாவை விட்டுவிட்டுத் தறிகளையே பாடமாக்கினாள். எது நின்றது என்று கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பெண் விரலை நீட்டினாள், ஒரு தடவை கூடத் தவறவில்லை. அந்தக் காதைப் போய்க் குறை சொன்னோமே என்று கோமளவல்லி தன்னையே திட்டிக்கொண்டாள்.

வகுப்பில் இன்னொரு மாணவியும் சேர்ந்தாள். செல்வராணிதான். வாய்விட்டுப் பேச அவளும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குட்டி நாற்காலியில் உட்கார்ந்து அவள் "ஆடு, இலை" என்று உரக்கச் சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாதக்கணக்கில், தினமும் பத்துத் தடவையாவது மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள். முகம் தெரியாத இடத்திலிருந்து வருகிற குரல் தனக்கானது என்று குழந்தைக்கு உறைக்க வேண்டும். சஷ்டிகா திரும்பியதே இல்லை. ஒருநாள் செல்வராணி அலுத்துப்போய், "தப்புப் பண்ணிப்போட்டனோ மிஸ்ஸு" என்று கேட்டாள். கோமளவல்லி இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள்.

விழா முடிந்து பதினோராவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். சஷ்டிகா மையத்தின் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாக்பீஸால் தரையில் தறி வரைந்துகொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். செல்வராணி வந்தாள்.

"சஷ்டி."

ஒன்றுமில்லை.

"சஷ்டி."

சாக்பீஸ் ஓடிக்கொண்டே இருந்தது. செல்வராணிக்கு என்ன தோன்றியதோ, மூச்சை இழுத்துப் பிடித்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினாள். "ஏ சஷ்டிகா."

சாக்பீஸ் நின்றது. குழந்தை திரும்பவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தரையைப் பார்த்தபடியே, தடித்த, கரடுமுரடான, அதுவரை உலகத்தில் யாரும் கேட்டிராத ஒரு குரலில், எரிச்சலோடு சொன்னாள்: "எதுத்துத் தத்தறே? தேத்துது."

'க' வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'த'தான் வந்தது. உதட்டில் தெரியாத எழுத்தல்லவா அது, இனிமேல்தான் காதால் பிடிக்க வேண்டும். எதுக்குக் கத்தறே, கேக்குது என்கிறாள். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தறியை வரைய ஆரம்பித்தாள்.

கோமளவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். செல்வராணி இந்த முறை தரையில் உட்காரவில்லை, அழவும் இல்லை. மகளுக்கு எதிரே போய்க் குனிந்து அந்த முகத்தை நன்றாக ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு அன்றைக்கு எதிர்ப்பட்ட ஒருவரையும் விடவில்லை. நிறுத்தி வைத்து, வாய்விட்டு, சத்தமாகச் சொன்னாள்: "எம்புள்ள என்னையக் கத்தாதேன்னு வைஞ்சுபோட்டாளுங்க."